பீடிக்கடையை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்

கேள்வி:

ஐயா, திருநெல்வேலியில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் ஆண்டு. எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. போன மாதம் முதல்முறையாக வடக்கே ஓர் அகில இந்திய மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போனேன். ரயிலில் இரண்டு இரவு. பதிவுக் கட்டணமும் கைக்காசுதான். பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் இழுத்துவிட்டதால் ஏழு நிமிடத்தில் முடிக்கச் சொன்னார் அமர்வுத் தலைவர். முன் ஆய்வுகளைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஒரே ஒரு கேள்வி வந்தது: “இது வெறும் விவரணை. கோட்பாடு எங்கே?” எனக்கு ஆங்கிலத்தில் பதில் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கும்பல் கும்பலாக நின்றார்கள். நான் தனியாகச் சாப்பிட்டேன். டீ வரிசையில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் “உங்கள் ஊரில் ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை கொடுப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு மெயில் ஐடி வாங்கிக்கொண்டாள். என் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையில், அம்மா நீட்டும் பீடிக்கட்டை, கணக்கப்பிள்ளை பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, ரெண்டை உருவி ஓரமாகப் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். ஊருக்கு வந்ததும் அம்மா “ஏட்டி, அங்க என்ன சொன்னாவ?” என்று கேட்டார். சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி நெருங்குகிறது. போகலாமா? இல்லை, தலைப்பையே மாற்றிவிடலாமா?

— பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளே,

தலைப்பை மாற்ற வேண்டாம். அடுத்த மாநாட்டுக்கும் போங்கள். ஆனால் போன முறை வாசித்த கட்டுரையை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கணக்கப்பிள்ளையின் பெருவிரலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதே, உங்கள் கட்டுரை அதுதான். அந்த அறையில் இருந்தவர்கள் காதில் அந்த வரி விழவே இல்லை.

உங்கள் தப்பு எது, உங்கள் தப்பு இல்லாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். முன்னால் பேசியவர்களை நேரத்துக்கு நிறுத்தாமல், கடைசியில் வந்த ஆராய்ச்சி மாணவியின் நேரத்தில் கை வைத்தது அமர்வுத் தலைவரின் தவறு. நானும் பல அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். நேரத்தைக் காப்பது அந்த நாற்காலியின் முதல் வேலை. பெரியவர்களைக் குறுக்கிட மனம் வராமல், குறுக்கிட முடிந்த இடத்தில் குறுக்கிடுகிறார்கள். இது நியாயமில்லை. ஆனாலும் அடுத்த மாநாட்டிலும் இது நடக்கும் என்று எண்ணித்தான் நீங்கள் தயாராக வேண்டும்.

இந்திய சமூகவியல் சங்கம் 1951-இல் பம்பாயில் ஜி.எஸ். குர்யே முன்னின்று தொடங்கியது. அந்தக் காலத்தில் நாட்டில் இருந்த சமூகவியல் துறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று அதன் ஆண்டு மாநாட்டில் தலைப்பு வாரியாக ஆய்வுக் குழுக்கள் தனித்தனி அறைகளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் கட்டுரைகள் வரிசை கட்டி நிற்கும். கேட்க வந்தவர் பாதிப்பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்கள். அவர்கள் தங்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது தலையை நிமிர வைப்பது எது? முன் ஆய்வுகளின் பட்டியல் நிமிர வைக்காது. அதை எல்லோரும் படித்திருப்பார்கள், அல்லது படித்ததாகக் காட்டிக்கொள்வார்கள். பீடிக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் பெண்ணின் கையிலுள்ள கட்டும், அதை அமுக்கும் விரலும் நிமிர வைக்கும்.

அதனால் ஏழு நிமிடத்துக்கே எழுதுங்கள். பதினைந்து கிடைத்தால் மிச்ச நேரம் கேள்விக்கு. முதல் நிமிடத்தில் பீடிக்கடை. அப்புறம் யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு காலம், எப்படிக் குறித்தீர்கள் என்று சுருக்கமாக. அதற்கடுத்து நீங்கள் கண்டுபிடித்த ஒரே ஒரு விஷயம். ஒன்றுதான், மூன்று வேண்டாம். மற்ற அத்தியாயங்கள் ஆய்வேட்டில் பத்திரமாக இருக்கும். முன் ஆய்வுகளில் உங்கள் வாதத்துக்கு வேண்டிய இரண்டை மட்டும் அந்தந்த இடத்தில் சொன்னால் போதும். ஸ்லைடு ஆறுக்கு மேல் வேண்டாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். “கோட்பாடு எங்கே?” என்று கேட்டவர் உங்களை மட்டம் தட்டக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பெரிய பெயர்கள் எங்கே என்று அதற்கு அர்த்தமில்லை. ஆலங்குளம் பக்கத்தில் நடப்பதைக் கேட்டு, ஆலங்குளத்தைப் பார்த்தே இராதவருக்கு உழைப்பைப் பற்றிப் புதிதாக என்ன தெரியவரும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். அதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஆலையில் மேஸ்திரி உண்டு, சங்கு உண்டு, வருகைப் பதிவு உண்டு. வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இவை ஒன்றும் இல்லை. அடுப்பையும் பிள்ளையையும் கவனித்துக்கொண்டே, சுளவை (முறத்தை) மடியில் வைத்து, தகடு வைத்து அளவாக இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிறார். யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குச் சுற்றும் பீடி காலையில் சுற்றியதைப் போலவே ஒரே கனத்தில் இருக்கிறது. எது அவரை அப்படிச் சுற்ற வைக்கிறது? மறுநாள் காலை பீடிக்கடையில் அந்தப் பெருவிரல். நாள் முழுவதும் இருக்க வேண்டிய மேற்பார்வை, சரியில்லை என்று பீடியைக் கழிக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. இது விவரணை இல்லை, வாதம்.

இந்த வாதத்துக்கு அண்டை வீட்டார் யாரென்றும் சொல்கிறேன். ஹாரி பிரேவர்மன் செம்பு வேலைத் தொழிலாளியாக இருந்து பிறகு எழுத வந்தவர். முதலாளி வேலையை எப்படித் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார் என்ற விவாதத்தை 1974-இல் கிளப்பியது அவர் எழுதிய நூல். மைக்கேல் புராவோய் சிகாகோவில் ஓர் ஆலையில் தானே மெஷின் ஓட்டி வேலை பார்த்து, தொழிலாளி ஏன் இவ்வளவு மும்முரமாக உழைக்கிறார் என்று கேட்டு 1979-இல் எழுதினார். இரண்டு பேருமே ஆலைக்குள் நின்று பேசுகிறார்கள். ஆந்திராவின் நர்சாபூரில் வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதியது 1982-இல் வந்தது. அந்தப் பெண்கள் செய்வது உழைப்பாகவே எண்ணப்படாமல், வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் கைவேலை என்று தள்ளப்படுவதால்தான் அவ்வளவு குறைந்த கூலிக்கு அது கிடைக்கிறது என்று அவர் காட்டினார். ஆலையைப் பற்றிய கேள்வியையும் வீட்டைப் பற்றிய கேள்வியையும் சேர்த்துப் பிடிக்கும் இடத்தில் உங்கள் பீடிக்கடை இருக்கிறது. “கோட்பாடு எங்கே?” என்று இன்னொரு முறை யாராவது கேட்டால் இதை நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

ஆனால் இது நான் உங்கள் கடிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் களக் குறிப்புகள் இதற்கு ஒத்துவருகின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மீண்டும் குறிப்பேடுகளை எடுத்து, கழிவு பற்றி வரும் இடங்களை மட்டும் தனியாகத் தொகுத்துப் பாருங்கள். எப்போது கழிவு கூடுகிறது? இலை மட்டமாக வரும்போதா, மழைக்காலத்திலா, கம்பெனியில் சரக்கு தேங்கும்போதா? கூலியைப் பற்றியோ இலையைப் பற்றியோ வாய் திறந்து பேசிய பெண்ணுக்கு அந்த வாரம் கழிவு கூடுகிறதா? கழித்த பீடியை அவர் கண்ணெதிரே ஒடித்துப் போடுகிறார்களா, இல்லை வேறு பெட்டிக்குப் போகிறதா? கழித்ததற்குப் பதிலாக அவர் சொந்த இலை வாங்கிச் சுற்றித் தருகிறாரா? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் பாதி இருக்கும். மீதிப் பாதிக்கு இன்னும் கொஞ்ச நாள் களத்துக்குப் போக வேண்டியிருக்கும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தையும் எடுத்து வாசியுங்கள். இலை, தூள் கொடுப்பதிலும், பீடியைக் கழிப்பதிலும், கழித்த பீடிக்குக் கூலி தருவதிலும் தகராறு வரும் என்று அந்தச் சட்டமே எதிர்பார்த்து, அதைத் தீர்க்க ஒரு வழியையும் எழுதி வைத்தது. சட்டம் எழுதியவர்களுக்கு அன்றே தெரிந்திருந்த ஒரு விஷயத்தைச் சமூகவியல் மாநாட்டில் சொல்ல நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நம் பக்கத்தில் எத்தனை பேரின் கல்லூரிக் கட்டணம் சுளவிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் நான் பாடம் எடுத்த வகுப்புகளில் முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இல்லாத வருடமே கிடையாது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் பெருமைக்காகவும் சொல்ல வேண்டாம். ஆய்வு முறைக்காகச் சொல்லுங்கள். “நான் பீடி சுற்றும் குடும்பத்திலிருந்து வருகிறேன், அதனால் இந்தப் பெண்கள் வெளியாரிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார்கள், அதே காரணத்தால் எனக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாததும் இருக்கலாம்” என்ற ஒரு வாக்கியம் போதும். வெளியிலிருந்து நூறு வீட்டுக்குக் கேள்வித்தாள் கொடுத்து வருகிறவரால் இந்த வாக்கியத்தை எழுத முடியாது.

இதில் ஒரு கவனம் வேண்டும். சொல்வதா வேண்டாமா என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் டெல்லியில் பேசிவிட்டு வந்துவிடலாம். அவர் நாளைக் காலையில் அதே பீடிக்கடை வாசலில், அதே கணக்கப்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். கழிவைப் பற்றி மகள் எழுதினாள் என்று தெரிந்தால் அவர் கட்டு எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள். ஊர்ப் பெயரை மாற்றுங்கள். கடை, கம்பெனி, பிராண்டு எதையும் அடையாளம் தெரியும்படி விடாதீர்கள். ஸ்லைடில் முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். பேர்பெற்ற கிராம ஆய்வுகளில் வரும் எம்.என். சீனிவாஸின் ராம்புரா, கேத்லீன் கஃப் எழுதிய கும்பப்பேட்டை, ஆந்த்ரே பெத்தேயின் ஸ்ரீபுரம் எல்லாமே மாற்றி வைத்த பெயர்கள்தான். உங்கள் ஊர் சின்னது. பெயரை மாற்றினாலும் “பேராசிரியர் ஆகப்போகிற பிள்ளையின் அம்மா” யாரென்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவே எழுதாமல், மற்றப் பெண்களும் சொன்ன இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

முர்ஷிதாபாத் மாணவியைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த மாநாட்டில் உங்களுக்குக் கிடைத்த பெரிய விஷயமே அவள்தான் என்பேன். நாட்டில் பீடித் தொழில் அதிகம் நடக்கும் இடங்களில் முர்ஷிதாபாத் ஒன்று. அங்கேயும் வீட்டிலிருந்து பெண்கள்தான் சுற்றுகிறார்கள். அவள் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை? பீடி சுற்றும் வீட்டுக்குள் போய் வந்தவள் மட்டுமே கேட்கும் கேள்வி அது. கொடுக்கும் இலை ஆயிரத்துக்குக் காணாது. குறையைச் சுற்றுகிற பெண் தன் காசில் வாங்கி நிரப்புகிறார். அப்படியென்றால் எழுதி வைத்திருக்கும் கூலியும் கைக்கு வரும் கூலியும் வேறு வேறு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலை உங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் என்ன கணக்கில் அளக்கப்படுகிறது என்று இரண்டு பேரும் ஒப்பிட்டால் அது ஒரு கூட்டுக் கட்டுரை. கும்பல் கும்பலாக நின்றவர்கள் பல வருடங்களாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அவர்களும் முதல் மாநாட்டில் டீ வரிசையில் யாரோ ஒருவரைப் பிடித்துத்தான் தொடங்கியிருப்பார்கள். அம்மா மறுபடி கேட்டால், “பெங்கால்ல ஒரு புள்ள உங்க இலைக் கணக்கைக் கேட்டா” என்று சொல்லுங்கள். அவருக்கு அது சட்டென்று புரியும்.

ஆங்கிலம் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி வாக்கியத்தையும் வார்த்தை வார்த்தையாக எழுதி, வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள். நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை. வரக்கூடிய கேள்விகள் ஐந்தோ ஆறோதான்: எத்தனை பேர், ஏன் இந்த ஊர், ஆண்கள் எங்கே, தொழிற்சங்கம் என்ன செய்கிறது, கோட்பாடு என்ன, புகையிலை கெடுதல்தானே. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியத்தில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். பேராசிரியர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

அதற்கு முன்னால் கட்டுரையைத் தமிழில் நம் ஊரிலேயே வாசித்துவிடுங்கள். இதற்கு நம் பக்கத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியபோது, ஆசிரியர்களும் மாணவர்களும் வேறு வேலையில் இருந்தவர்களும் தமிழில் கட்டுரை வாசித்து விவாதித்தார்கள். அவர் 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் அவற்றில் பல வெளிவந்தன. பெரிய பல்கலைக்கழகமோ நிதியோ அதற்குப் பின்னால் இல்லை. உங்கள் துறையில் நாலைந்து ஆராய்ச்சி மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒரு மாலை உட்கார முடியாதா? கடிகாரத்தை முன்னால் வைத்து வாசியுங்கள். தோழிகள் எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள், அந்த இடத்தை வெட்டுங்கள். முடிந்தால் ஆய்வுக்காக உங்களிடம் பேசிய பெண்கள் இரண்டு மூன்று பேரிடமும் வாதத்தைச் சொல்லிப் பாருங்கள். “அப்படி இல்ல தாயி” என்று அவர்கள் திருத்தும் இடம் எந்த நிபுணர் கருத்தைவிடவும் பெரிது.

எந்த மாநாட்டுக்குப் போவது என்பதும் முக்கியம். பணம் கட்டினால் யாருக்கும் சான்றிதழ் தரும் ‘பன்னாட்டு’ மாநாடுகள் பெருகிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு மாநாடுகளில் கட்டுரை வாசிக்க வேண்டும் என்றன. சான்றிதழ் வியாபாரம் கொழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சான்றிதழுக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு மாநாடு, உங்கள் பொருளில் வேலை செய்கிறவர்கள் வரும் இடமாகப் பார்த்துப் போனால் போதும். உழைப்பு, தொழில் பற்றிய ஆய்வுக் குழு எது என்று பார்த்து அதில் அனுப்புங்கள், பொதுப் பிரிவில் அனுப்பாதீர்கள். மகளிர் ஆய்வுகளுக்கான இந்தியச் சங்கம் 1982-இல் தொடங்கியது. அதன் மாநாடுகளுக்கு ஆய்வாளர்களோடு தொழிற்சங்கப் பெண்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் வருவார்கள். பீடிக்கடை என்றால் என்ன என்று அங்கே முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. உதவித்தொகை பெறுகிறீர்கள் என்றால், சில்லறைச் செலவுக்கான தொகையில் பயணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் எழுத முடியுமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்காமலே கைக்காசைப் போடும் மாணவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: இன்று ராத்திரியே முர்ஷிதாபாத் மாணவிக்கு மெயில் எழுதுங்கள். உங்கள் ஊர் இலைக் கணக்கைச் சொல்லி, அவள் ஊர்க் கணக்கைக் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் கழிவு பற்றிய குறிப்புகளைத் தொகுத்துவிட்டுப் புதிய சுருக்கத்தை எழுதுங்கள். முதல் வாக்கியம் பீடிக்கடையில் தொடங்கட்டும், கடைசி வாக்கியத்தில் உங்கள் வாதம் வரட்டும். வழிகாட்டியிடம் காட்டும்போதே எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.